இணையப் பெயர்களும் தமிழ் ஈறும்

உலகில் வழங்கும் பொருள்கள் யாவும் பெயரால் அறியப்படுகின்றன. பெயர் அறியாத ஒன்றை நாடிச் செல்வார்க்கு வழி கிடைப்பது அரிது. ஊர்களுக்குப் பெயரிட்டோர் யாவர் என்பதை நாம் பெரும்பாலும் அறியோம். ஆயினும் அப்பெயர்களைச் சொல்லியே வழி வினவுகின்றோம். ஊர்ப்பெயரைக் காத்தற்கெனத் தனியே ஒருவர் வேண்டுவதில்லை. அது மக்கள் நாவிலே நிலைபெற்று வாழ்கின்றது. இணையத்தில் வழங்கும் பெயரோ அத்தகையது அன்று. அதனை ஒருவர் பதிந்து, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திக் காத்துவருதல் வேண்டும். காவாதொழியின் அது பிறர் கைப்படும்.

இவ்வுண்மையை யாம் நூலிற் கற்று அறிந்திலோம், இழந்தே அறிந்தோம். எமக்கு முன் தமிழ் பயின்ற மாணவர் சிலர், விடுமுறை நாட்களில் தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களின் சிற்றூர்களுக்குச் சென்று, முதிய உழவர்பால் நாஞ்சில் நாட்டு உழவுச் சொற்களைக் கேட்டுத் தொகுத்தனர். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களுக்கும் உரிய நெல்வகைகள், மடைகளின் பெயர்கள், அளவைகள், கருவிகள் முதலியன அத்தொகுதியில் அடங்கின. அவற்றை இணையத்தில் ஏற்றி, அதற்கொரு பெயரும் பதிந்தனர். தேர்வு முடிந்து அவர்கள் பல ஊர்களுக்கும் பிரிந்தபின் ஆண்டுக் கட்டணம் செலுத்துவார் இலராயினர். இவ்வாண்டு யாம் அதனை நாடியபோது, அப்பெயரின்கீழ் எவரோ ஒருவர் பண்டம் விற்றுக்கொண்டிருந்தார். சொல் தந்த முதியோருள் இருவர் இதற்குள் காலமாயினர். குற்றம் பிறருடையது அன்று, மாணாக்கராகிய எம்முடையதே.

இழந்த பெயரை மீட்கும் வழியை ஆராயப் புகுந்த யாம், அதனினும் பெரியதொரு செய்தியை அறிந்தோம். பெயரைப் பதிதல் மட்டுமன்றிப் பெயர்களின் ஈற்றையே வேண்டி விண்ணப்பிக்கும் முறை ஒன்று உண்டு என்பதே அது. 'தமிழ்' என்னும் ஈறு நமக்கு வேண்டுமா, வேண்டின் அதனைப் பெறும் முறை யாது, பெற்றோர் ஏற்கும் கடன் யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெயரின் உறுப்புக்கள்

இணையத்திற் சேர்ந்துள்ள கணினிகள் எண்களாலாகிய முகவரிகளை உடையன. எண்களை நினைவில் இருத்துதல் மக்களுக்கு அரிது. ஆதலின் எண்ணுக்கு ஈடாகப் பெயரிட்டு வழங்குகின்றனர். இதனை ஆள்களப் பெயர் என்பர். பேச்சு வழக்கில் 'டொமைன்' என்பதே பயின்று வருகின்றது. அப்பெயர் புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட உறுப்புக்களை உடையது. அவற்றுள் இறுதியில் நிற்பது உயர்நிலை ஆள்களம் எனப்படும். அதனையே இங்கு 'ஈறு' எனச் சுருங்கக் கூறுகின்றோம். வினைமுற்றின் விகுதியைக் கொண்டு அதன் திணை, பால், எண், இடங்களை உணர்கின்றோம் அல்லவா? அதுபோல இணையப் பெயரின் ஈற்றைக் கொண்டு அஃது எவ்வினத்தைச் சார்ந்தது என்பதை உணரலாம். 'காம்' என்பது வாணிகத்திற்கென ஏற்பட்டது. 'ஆர்க்' என்பது பொது அமைப்புக்களுக்கென ஏற்பட்டது. 'இன்' என்பது இந்தியாவைக் குறிப்பது.

நாம் பெயரை முதலிலிருந்து படிக்கின்றோம். கணினியோ ஈற்றிலிருந்து தேடத் தொடங்குகின்றது. நம் நாட்டுப் பாசனத்தை ஒப்புநோக்கின் இஃது எளிதில் விளங்கும். 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையில் தேங்கும் நீர், தோவாளைக் கால்வாய், அனந்தனாறு முதலிய கால்களிற் பிரிந்து, கிளைக்கால்களில் ஓடி, மடைவழியே வயலை அடைகின்றது. இணையத்தில் அணைபோல நிற்பது 'வேர்' எனப்படும் தலைப்பட்டியல். எல்லா ஈறுகளும் அவற்றைக் காப்போர் முகவரிகளும் அதில் உள. அப்பட்டியலை வழங்கும் சேவையகங்கள் 13 பெயர்களில் அமைந்து, அவற்றின் படிகள் உலகின் பல நகரங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஒரு பெயரைத் தேடும் கணினி, முதலில் வேரை வினவி ஈற்றைக் காப்பவர் யாவர் என அறிகின்றது. பின்னர் அவரை வினவிப் பெயருக்கு உரிய சேவையகத்தை அறிகின்றது. அதன் பின்னரே பக்கத்தை அடைகின்றது. பெருங்கால்வாய் உடைந்தால் அதன்கீழ் உள்ள வயல்கள் அனைத்தும் காய்வது போல, ஈற்றைக் காப்பவர் தம் பணியிற் பிழைப்பின் அவ்வீற்றில் முடியும் பெயர்கள் அனைத்தும் மறைந்துபோகும்.

இவ்விடத்து மூவரை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஈற்றைக் காத்து, அதில் முடியும் பெயர்களின் முழுப் பட்டியலை வைத்திருப்பது பதிவகம். பொதுமக்களுக்குப் பெயர்களை விற்கும் முகவர் பதிவாளர். பெயரைப் பெற்று வழங்குவோர் பதிவுதாரர். எம் முன்னோர் பதிவுதாரராய் இருந்து தவறினர். அதனால் ஒரு பெயர் மட்டுமே போயிற்று. பதிவகமே தவறுமாயின் நேரும் கேடு எத்துணைப் பெரிது என்பதை இதனால் உய்த்துணரலாம்.

ஈறுகளின் வரலாறு

தொடக்கத்தில் வலையிற் சேர்ந்த கணினிகளின் பெயர்கள் யாவும் ஒரே பட்டியலில் எழுதப்பெற்று, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தன. கணினிகள் பெருகவே ஒரு பட்டியல் தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் பெயர்களைப் படிப்படியாகப் பகுத்துக் காக்கும் முறையை வகுத்தார். 1985 முதல் காம், ஆர்க், நெட் முதலிய ஈறுகள் வழக்கில் வந்தன. 1998-இல் ஐகான் என்னும் பெயருடைய ஆதாய நோக்கற்ற அமைப்பு கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. வேர்ப்பட்டியலில் எவ்வீறு இடம்பெறலாம் என்பதை முடிவு செய்வது இவ்வமைப்பே. 2000-ஆம் ஆண்டில் மியூசியம் உள்ளிட்ட ஏழு புதிய ஈறுகளை இது தேர்ந்தெடுத்தது.

இவை யாவும் இலத்தீன் எழுத்தின. பெயர் முறை அவ்வெழுத்துக்களையும் எண்களையும் சிறுகோட்டையும் மட்டுமே ஏற்குமாறு அமைந்திருந்தது. பிறமொழி எழுத்துக்களுக்கு வழி காணும் ஆராய்ச்சி 1998-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. 2003-இல் அதற்கான பொதுநெறி வகுக்கப்பெற்றது. அதன்படி, நாம் தமிழில் இடும் பெயரைக் கணினி இலத்தீன் எழுத்துத் தொடராக மாற்றி வேரிடம் வினவும். நம் கண்ணுக்குத் தமிழாகவே காட்டும்.

2007 அக்டோபரில் ஐகான் 11 சோதனை ஈறுகளை வேரில் ஏற்றியது. அவற்றுள் தமிழும் ஒன்று. 'உதாரணம்.பரிட்சை' என்பது அச்சோதனைக்கென அமைந்த பெயர். உதாரணம், பரிட்சை ஆகிய இரண்டும் வடசொற்கள் என்பது ஒருபுறம் இருக்க, நாம் பெரும்பாலும் 'பரீட்சை' என நெடிலிட்டு எழுதும் சொல் அங்கே குறிலாய் நின்றது. சோதனை முடிந்து 2013-இல் அவ்வீறு நீக்கப்பட்டமையால் தீங்கொன்றும் இல்லை. நிலையான ஈற்றில் இவ்வாறு ஒரு மாத்திரை குறைந்திருப்பின், அதன்கீழ்ப் பெயர் பதிந்தோர் அனைவரும் அக்குறையோடே காலங் கழித்தல் வேண்டும்.

பின்னர் 2010-இல் 'இலங்கை' என்னும் ஈறும், 2011-இல் 'சிங்கப்பூர்', 'இந்தியா' என்னும் ஈறுகளும் தமிழெழுத்தில் வேரில் இடம்பெற்றன. இந்தியா என்னும் ஈற்றை நிக்சி எனப்படும் தேசிய இணைய இணைப்பகம் காத்து வருகின்றது. இம்மூன்றும் நாட்டுப் பெயர்கள். நாட்டுக்கு உரிய ஈறுகளைப் பெறும் தனிநெறியின் வழியே வந்தவை. மொழியின் பெயராகவோ பிற பொதுச்சொல்லாகவோ அமையும் ஈற்றைப் பெற வேண்டின், அதற்குரிய நெறி வேறு.

விண்ணப்ப முறை

பொதுநிலை ஈறுகளை வேண்டுவார்க்கு ஐகான் 2012-இல் பெருவாயில் ஒன்றைத் திறந்தது. அவ்வாண்டு ஜனவரி 12-ஆம் நாள் விண்ணப்பங்கள் ஏற்கத் தொடங்கின. ஒருவர் இட்ட கோப்பின் பெயரைப் பிறர் காணும்படியான குறை விண்ணப்பப் பொறியில் தோன்றவே, ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டுத் திருத்தப்பெற்று, மே 30-இல் முடிவுற்றது. வந்த விண்ணப்பங்கள் 1,930. அவற்றுள் வட அமெரிக்காவினின்று வந்தவை 911. ஆசியாவும் பசிபிக் தீவுகளும் சேர்ந்த பகுதியினின்று 303. ஆப்பிரிக்காவினின்று 17 மட்டுமே. இலத்தீன் அல்லாத எழுத்துக்களில் ஈறு வேண்டியவை 116. ஆராயும் வரிசையை முடிவு செய்யச் சீட்டுக் குலுக்கியபோது இவற்றுக்கே முன்னுரிமை தந்தனர். முதற்சீட்டு, கத்தோலிக்கத் திருச்சபையினர் சீன எழுத்தில் வேண்டிய ஈற்றுக்கு வீழ்ந்தது. சென்னையைச் சார்ந்த ஸ்ரீராம் நிறுவனம் தன் பெயரையே இலத்தீன் எழுத்தில் ஈறாகப் பெற்றது. அச்சுற்றின் வழியே வேரில் ஏறிய ஆயிரத்துக்கு மேற்பட்ட ஈறுகளுள் தமிழெழுத்தில் ஒன்றேனும் இல்லை.

இவ்விண்ணப்பத்தைத் தனி மனிதர் இடலாகாது. சட்டப்படி அமைந்த நிறுவனமே இடல் வேண்டும். 2012-இல் கட்டணம் 185,000 டாலர். அடுத்த சுற்றின் விண்ணப்பக் காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என அறிவிக்கப்பட்டது. கட்டணம் 227,000 டாலர், அதாவது ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய். பொருள்வளம் குறைந்த பொதுநல அமைப்புக்களுக்கு இதில் 75 முதல் 85 விழுக்காடு வரை குறைக்கும் உதவித்திட்டமும் அமைந்தது. அதற்கு வேண்டுகோள் இடும் காலம் 2024 நவம்பரில் தொடங்கி 2025-இலேயே முடிவுற்றது. 2012-ஆம் ஆண்டின் உதவித்திட்டத்தை நாடியோர் மூவரே, பெற்றவர் ஒருவரே. உதவி இருந்தும் அதனை உரிய காலத்தில் அறிந்து நாடுவார் இன்மையே பெருங்குறை என்பது இதனால் விளங்கும்.

கட்டணம் செலுத்திய மாத்திரத்தில் ஈறு கிடைத்துவிடுவதில்லை. 2012-இன் படிவத்தில் 50 வினாக்கள் இருந்தன. விண்ணப்பிப்பவர் யாவர், அவர்தம் பொருள்நிலை யாது, ஈற்றின் நோக்கம் யாது, யாவர்க்குப் பெயர் வழங்குவர், தீயோர் அதனை ஏமாற்றுக்குப் பயன்படுத்தாவண்ணம் எங்ஙனம் காப்பர் என்பன அவற்றுள் சில. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பதைப் பாயிரம் கற்றோர் அறிவர். அவ்வாசானது ஊர் நம் மாவட்டத்து அதங்கோடே என்பர். நூல் செய்தவர் தொல்காப்பியரேயாயினும் ஆசான் வினாவியவற்றுக்கு விடை கூறிய பின்னரே அது நூலாயிற்று. இவ்விண்ணப்பமும் அத்தகையதோர் அரங்கேற்றமே. விண்ணப்பங்கள் ஊரறிய வெளியிடப்படுகின்றன, எவரும் கருத்துக் கூறலாம், உரிமையுடையோர் தடை எழுப்பலாம், அரசுகள் எச்சரிக்கலாம்.

தடை எழுந்த வரலாறுகள் சிலவற்றை ஈண்டுக் காண்போம். நம் நாட்டு டாட்டா நிறுவனத்தார் தம் பெயரை ஈறாக வேண்டினர். மொராக்கோ நாட்டில் அதே பெயருடைய மாகாணம் ஒன்று உண்டு. மாகாணப் பெயருக்கு அவ்வரசின் இசைவு வேண்டும் என்பது விதியாதலின், நூற்றாண்டு கடந்த அந்நிறுவனம் தன் பெயரையே பெற இயலவில்லை. அமேசான் நிறுவனம் தன் பெயரை வேண்டியபோது, அப்பெயருடைய பேராற்றின் கரையில் உள்ள பிரேசில், பெரு ஆகிய நாடுகள் மறுத்தன. வழக்கு நீண்டு 2020-இலேதான் ஈறு வேரில் ஏறியது. ஒரே சொல்லைப் பலர் வேண்டின் ஏலம் விடப்படுவதும் உண்டு. 'வெப்' என்னும் ஈற்றின் ஏலம் 2016-இல் 135 மில்லியன் டாலர் வரை சென்றது. புதிய சுற்றில், போட்டியிடுவோர் தமக்குள் பொருள் கொடுத்து உடன்படுதல் விலக்கப்பட்டது. மாற்றுப் பெயர் ஒன்றை முன்னரே குறித்து வைக்கவும் இடந்தரப்பட்டது.

எழுத்தாராய்ச்சி

தமிழ் மாணாக்கர் சிறப்பாகக் கருத்திற் கொள்ளத்தக்கது எழுத்தின் செய்தியே. மனிதர் எழுத்தின் வடிவைக் காண்கின்றனர். கணினி அதன் எண்ணைக் காண்கின்றது. வடிவு ஒன்றாய் எண் வேறாயின், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயர் கணினிக்கு இரண்டாகும். கள்வர்க்கு அதுவே வாயில். 'ஔ' என்னும் ஓரெழுத்தும், 'ஒ', 'ள' என்னும் இரண்டும் அடுத்து நிற்பதும் அச்சில் வேறுபாடு இன்றித் தோன்றும். 'ஸ்ரீ' என்பதனை இருவகை எழுத்தெண்களால் அமைக்கலாம். மேலும், நம் மாவட்டத்தில் தமிழும் மலையாளமும் அறிந்தோர் பலர். மலையாளத்து உகரமும் தமிழ் உகரமும், அம்மொழியின் ஜகரமும் நம் ஜகரமும் உருவில் நெருங்கியிருப்பதை அவர்கள் அறிவர். களியக்காவிளையில் கடைப்பலகை படிப்போர் இதனாற் பெரிதும் மயங்கார். அங்கே ஏனைய எழுத்துக்கள் துணை செய்யும். ஈறு என்பதோ பெரும்பாலும் சில எழுத்துக்களால் ஆவது. மயக்கத்திற்கு அங்கே இடம் மிகுதி.

இம்மயக்கத்தை நீக்குதல் தமிழுக்குப் புதியது அன்று. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு நெடிலினின்று வேறுபடுத்தும் மரபு தொல்காப்பியத்திலேயே உண்டு. ஓலையில் எழுதுவோர் புள்ளியிடாது விட்டமையால் குறிலும் நெடிலும் மயங்கின. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், குறிலுக்குப் புள்ளியிடுவதை விடுத்து, நெடிலின் வடிவையே மாற்றி வேறுபடுத்தினார். அம்முனிவர் ஓலைக்கும் ஏட்டுக்கும் செய்த பணியை, இந்நாளில் வேர்ப்பட்டியலுக்கு எழுத்துவிதி வகுத்த குழுவினர் செய்தனர். பிராமியினின்று கிளைத்த இந்திய எழுத்துக்களை ஆராய்ந்த அக்குழுவின் தமிழ் விதிகள் 2019-இல் பொதுவிதித் தொகுதியிற் சேர்ந்தன. எவ்வெழுத்து ஈற்றில் வரலாம், எதன்பின் எது நிற்கும், எவை தம்முள் மயங்கும் என்பவற்றை அவை கூறுகின்றன. ஒருவர் ஒரு வடிவைப் பெற்றுவிடின் அதனோடு மயங்கும் வடிவைப் பிறர் பெறல் இயலாது. மொழிமுதல், மொழியிறுதி எழுத்துக்களை நன்னூலிற் பயின்ற நமக்கு இவ்விதிகள் அயலாகத் தோன்றா.

விதிகளால் தீராதனவும் உள. நம் நகரின் பெயரையே கொள்வோம். நாகர்கோவில் என்பர் சிலர். நாகர்கோயில் என்பர் சிலர். ஓகாரத்தின் முன் வகர உடம்படுமெய் வருதல் விதி. யகரம் வருதல் நெடுநாள் வழக்கு. இரண்டும் பிழையன்று என்று ஆசிரியர் கூறுவர். கணினிக்கோ அவை வெவ்வேறு ஊர்கள். ஒன்றைப் பதிந்தவர் மற்றொன்றையும் பதியாவிடின், ஊரைத் தேடுவோருள் ஒரு பகுதியார் வழி தவறுவர். இவ்விரண்டையும் ஒருவர்க்கே உரியதாக்குவதா, தனித்தனியே விற்பதா? இதனை முடிவு செய்பவர் பதிவகத்தாரே. ஆதலின் தமிழ் ஈற்றைக் காப்போர்க்குப் பொறியறிவுடன் இலக்கணவறிவும் வேண்டும் என்பது தெளிவு.

காப்போர் கடன்

ஈற்றைப் பெற்றோர் ஐகானோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்தல் வேண்டும். முறைப்படி நடப்பின் அது புதுப்பிக்கப்படும். 2012-ஆம் சுற்றின் ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் 25,000 டாலர் நிலைக்கட்டணம். இதனோடு ஐந்து பணிகள் இடையறாது நடைபெறல் வேண்டும். பெயரை வினவுவார்க்கு விடை தருதல் ஒன்று. அவ்விடை இடையிற் பிறரால் திரிக்கப்படாமைக்கு முத்திரையிடுதல் இரண்டு. பதிவாளர் அனுப்பும் பதிவுகளை ஏற்றல் மூன்று. பதிவுச் செய்தியை முறைப்படி வெளியிடுதல் நான்கு. பட்டியலின் படியை நம்பிக்கைக்குரிய மூன்றாமவரிடம் வைத்திருத்தல் ஐந்து. இவற்றை இரவும் பகலும் ஆற்ற இயலாதோர், ஆற்றவல்ல தொழில்நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். பொறுப்பு மட்டும் தம்முடையதே.

'வெட்' என்னும் ஈறு திருமணத்தார்க்கென ஏற்பட்டது. அதனைக் காத்தோர் பணி தளரவே, 2017 டிசம்பரில் அவசரகாலப் பதிவகம் ஒன்று அதனைத் தன் கையில் ஏற்க வேண்டியதாயிற்று. இத்தகைய நிலைக்கென முன்னரே ஏற்பாடு இருந்தமையால் பெயர்கள் உடனே அழியவில்லை. ஆயினும், காப்பார் இல்லாத ஈற்றில் தம் பெயரை நம்பி வைப்பார் யாவர்?

மொழிக்கென ஏற்பட்ட ஈற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில் பெரிதும் வழங்கும் காட்டலான் மொழிக்கும் பண்பாட்டுக்கும் உரியதாக 'கேட்' என்னும் ஈறு 2005-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. தனிநாடு இல்லாத ஒரு மொழியினர் தம் மொழியின் பெயரால் ஈறு பெற்றது குறிப்பிடத்தக்கது. ஆதாய நோக்கற்ற அமைப்பே அதனைக் காக்கின்றது. நூறாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் அதன்கீழ் உள. வேல்ஸ், பாஸ்க், கலீசியம், பிரெத்தோன் மொழியினர் அதனைப் பின்பற்றித் தத்தம் ஈறுகளைப் பெற்றனர். எனினும் 2017 செப்டம்பரில், பொதுவாக்கெடுப்புப் பற்றிய பூசலில், ஸ்பெயின் காவலர் அப்பதிவகத்தின் அலுவலகத்தைச் சோதனையிட்டனர். பெயரைக் காப்போர், அரசியற் காற்று வீசுங்கால் அதனையும் தாங்க வேண்டுவர் என்பது இதனாற் பெறப்படும்.

தடையும் விடையும்

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் ஈறுகள் தமிழெழுத்தில் இருக்க, 'தமிழ்' என ஓர் ஈறு வேண்டுவது மிகையன்றோ எனின், அன்று. அம்மூன்றும் நாட்டின் எல்லையைக் குறிப்பன. மொழியின் எல்லை வேறு. இதனை நாஞ்சில் நாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் முன்னோர் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தபோதும் பேசியது தமிழே; 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின்னும் பேசியது தமிழே. ஆட்சியெல்லை மாறியது, சொல் மாறவில்லை. யாழ்ப்பாணத்தாரும் மலேசியத் தமிழரும் நாஞ்சில் நாட்டாரும் சேர்ந்து ஒரு சொற்றொகுதி செய்யின், அதனை எந்நாட்டு ஈற்றில் வைப்பது? மலேசியாவுக்குத் தமிழெழுத்தில் ஈறு இல்லை. பொதுமொழிக்குப் பொது ஈறு வேண்டுவது நேரிதே.

தமிழில் முகவரி இருந்தும் பயன் உண்டோ என்பார் உளர். இத்தடை வலியுடையது. யாமே ஓர் அலுவலகத்தின் இணையப் படிவத்தில் தமிழ் ஈற்று முகவரியை இட்டபோது, 'தவறான முகவரி' என்று அப்படிவம் மறுத்தது. படிவம் செய்தோர் இலத்தீன் எழுத்தையே எண்ணியிருந்தனர். எல்லா எழுத்து முகவரிகளையும் எல்லாப் படிவங்களும் ஏற்றல் வேண்டும் என்பதை வற்புறுத்த, 2023 மார்ச் 28 முதல் ஆண்டுதோறும் ஒரு நாள் கொண்டாடப்படுகின்றது. படிவங்கள் திருந்தும்வரை ஈற்றுக்குக் காத்திருப்பின், ஈறு இன்மையால் படிவங்களும் திருந்தா.

இரண்டு கோடியை ஈற்றுக்குச் செலவிடுவதினும் நூல்களை இணையத்தில் ஏற்றுதற்குச் செலவிடலாகாதோ எனின், இதுவே எல்லாவற்றினும் பெரிய தடை. பொருள் ஒன்றற்கே போதுமாயின், நூல்களை ஏற்றுதலே முதற்பணி என்பதை யாமும் உடன்படுகின்றோம். உள்ளீடு இல்லாத பெயர், நீர் ஓடாத கால்வாயே. ஆயின், நாம் வேண்டாதொழியின் அவ்வீறு வறிதே கிடக்கும் என்று எண்ணுதல் கூடாது. தமிழின்பாற் பற்றில்லாத வணிகர் ஒருவர் அதனைப் பெற்று, பள்ளிக்கும் நூலகத்திற்கும் எட்டாத விலையில் விற்கவும் கூடும். ஆதலின் வேண்டத்தக்கது விரைவு மட்டுமன்று, தகுதியும் ஆகும்.

அத்தகுதி யாது? விண்ணப்பிப்பது ஒரு நாட்டாரோ ஒரு கட்சியாரோ அல்லாது, தமிழ் வழங்கும் பல நாட்டு அறிஞரும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்த அமைப்பாதல் வேண்டும். பத்தாண்டுக்குரிய செலவு முன்னரே வைப்பில் இருத்தல் வேண்டும். எழுத்து வேறுபாடுகளைத் தீர்க்க இலக்கணப் புலவர் குழு ஒன்று அமைதல் வேண்டும். பள்ளி, நூலகம், சிற்றூர் மன்றம் ஆகியவற்றிற்குப் பெயர்கள் எளிய விலையிற் கிடைத்தல் வேண்டும். பதிவுதாரர் ஓராண்டு கட்டணம் செலுத்தத் தவறினும், அறிவுத்தொகுதிகளை உடனே பிறர்க்கு விற்றுவிடாது, உரியோர்க்குப் பலமுறை அறிவித்துக் காலம் தரல் வேண்டும். இறுதியாகக் கூறிய விதியை யாம் எத்துணை விரும்புகின்றோம் என்பதை, எம் இழப்பை அறிந்தோர் உணர்வர்.

முடிவுரை

பெறுதலினும் பேணுதல் அரிது என்பதே இவ்வாராய்ச்சியால் யாம் கண்ட முடிவு. ஈறு என்பது சொத்து அன்று, அடைக்கலப் பொருள். அதனை வேண்டுவோர் நாட்டும் கொடியைக் காட்டிலும், பின்னர் இரவும் பகலும் ஏற்றும் விளக்கே பெரிது.

மாணாக்கராகிய நாம் ஈறு வேண்டி விண்ணப்பிக்கவல்லோம் அல்லோம். ஆயினும் அதற்கு முற்பட்ட பணிகள் நம் கையில் உள. ஊர்ப்பெயர்களின் பலவகை எழுத்துவடிவங்களைத் தொகுக்கலாம். தமிழ் முகவரியை மறுக்கும் படிவங்களைக் கண்டுழி, உரியோர்க்குப் பணிவாக எழுதி அறிவிக்கலாம். கல்லூரியில் தொடங்கும் எத்தொகுதியையும் ஒரு மாணவர் பெயரில் வையாது, துறையின் பெயரில் வைத்து, ஆண்டுதோறும் புதிய மாணவரிடம் கணக்கோடு ஒப்படைக்கலாம்.

இழந்த தொகுதியிற் பாதி, முன்னாள் மாணவர் ஒருவரின் பழைய குறிப்பேட்டில் கிடைத்துள்ளது. எஞ்சிய சொற்களை வேண்டி, வரும் விடுமுறையில் யாம் மீண்டும் அச்சிற்றூர்களுக்குச் செல்லவிருக்கின்றோம். சொல்லித் தருவார் இன்னும் சிலர் உளர். இம்முறை பெயரைப் பதிவதற்கு முன், அதனைக் காப்பவர் யாவர் என்பதை எழுதி வைத்தபின்னரே புறப்படுவோம்.